வணிக நூல்களும் நம் வாழ்வும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வணிக நூல்களைப் பற்றி உரையாற்றுமாறு கழகத்தார் எம்மைப் பணித்தனர். நம்மில் கடை வைத்திருப்போர் சிலரே. கூலி வேலைக்கும் அலுவலகப் பணிக்கும் செல்வோரே பலர். நமக்கு வணிக நூல்கள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். வணிக நூல் என்பது லாபம் ஈட்டும் தந்திரங்களின் தொகுப்பு மட்டுமன்று. பொழுதை எவ்வாறு செலவிடுவது, கணக்கை எவ்வாறு வைப்பது, தவறு நேர்ந்தால் காரணத்தை எங்கே தேடுவது என்னும் வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே அது. இவ்வினாக்கள் முதலாளிக்கு மட்டும் உரியன அல்ல. துப்புரவுப் பணியாளருக்கும், தையல் தொழிலாளிக்கும், தேர்வுக்குப் படிக்கும் மாணவிக்கும் உரியனவே.

மேலும், நம் இளைஞர் பலர் இத்தகைய நூல்களை இன்று ஆவலோடு படிக்கின்றனர். அவற்றில் நெல்லும் உண்டு, பதரும் உண்டு. புடைத்து எடுத்துக்கொள்ளும் முறம் நம் கையில் இருத்தல் வேண்டும்.

முதற்பாடம் பொழுதைப் பற்றியது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பீட்டர் டிரக்கர் என்னும் அறிஞர் 1967ஆம் ஆண்டில் ‘தி எஃபெக்டிவ் எக்ஸிக்யூட்டிவ்’ என்ற நூலை வெளியிட்டார். திட்டம் தீட்டுவதற்கு முன்னர், நம் பொழுது உண்மையில் எங்கே போகிறது என்பதை அறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. நினைவை நம்பாமல், அவ்வப்போதே எழுதி வைத்தல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் ஒருவர் ஒரு வாரம் மட்டும் இவ்வாறு எழுதிப் பார்க்கட்டும். நாள் முழுவதும் படித்ததாக எண்ணியவர் இரண்டு மணி நேரமே படித்திருப்பதைக் காணலாம். நம் வீட்டுப் பெண்ணொருத்தி எழுதினால் வேறோர் உண்மை வெளிப்படும். தண்ணீர் பிடித்து, சமைத்து, துணி துவைத்து, தம்பி தங்கையரைக் கவனித்த பின்னர் அவளுக்குப் படிக்க அரை மணி நேரமும் எஞ்சாதிருக்கலாம். அப்போது அந்தக் குறிப்பேடு அவளுக்குரிய பாடமன்று. வீட்டிலுள்ள ஆண்கள் படித்துத் திருந்த வேண்டிய பாடமாகும்.

இரண்டாவது பாடம் கணக்கைப் பற்றியது. இத்தாலி நாட்டுத் துறவியும் கணித அறிஞருமான லூக்கா பச்சோலி 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்ட நூலில், அந்நகர வணிகர்கள் கையாண்ட இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கினார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடங்களில், பற்றாகவும் வரவாகவும் எழுதுவதே அம்முறை. கைக்கு வந்த பணம் எங்கிருந்து வந்தது, அதற்காக நாம் யாருக்குக் கடன்பட்டுள்ளோம் என்பதை அது மறக்கவிடாது.

திருமணச் செலவுக்காக ஒருவர் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் 10,000 ரூபாய் வாங்குகிறார் எனக் கொள்வோம். மாதம் 500 ரூபாய்தானே என்று அவர் எண்ணுகிறார். 20 மாதங்களில் வட்டியாக மட்டும் 10,000 ரூபாய் போய்விடும். அசல் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு இது நூற்றுக்கு 60 வட்டியாகும். மாதம் என்ற சொல் மறைத்து வைத்ததை ஆண்டுக் கணக்கு காட்டிவிடுகிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், கொடுத்த தொகையையும் தேதியையும் எழுதி வைக்காதவர் சட்டத்தின் முன் எதைக் காட்டுவார்? ஆகவே ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு கணக்கேடு இருத்தல் வேண்டும். சிறு கடை நடத்துவோர் கடைக் காசையும் வீட்டுக் காசையும் வெவ்வேறு பெட்டிகளில் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது பாடம், யாருக்காக உழைக்கிறோம் என்பதை அறிவது. வாடிக்கையாளரை உருவாக்குவதே தொழிலின் நோக்கம் என்பது டிரக்கரின் மற்றொரு கருத்து. இக்கருத்து நமக்குப் புதிதன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வார இதழ் ஒன்றைத் தொடங்கியபோது அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். விலையையே பெயராக்கி, யார் கையில் அவ்விதழ் சேர வேண்டும் என்பதை அவர் அறிவித்துவிட்டார். பகல் முழுவதும் வேலைக்குச் செல்லும் மக்கள் வாழும் ஊரில், பகலில் மட்டும் திறந்திருக்கும் படிப்பகம் யாருக்குப் பயன்படும்? பொதுத்தொண்டு செய்வோர் இவ்வினாவை அடிக்கடி கேட்டுக்கொள்ளுதல் நலம்.

நான்காவது பாடம், காரணத்தை வேர்வரை தேடுவது. டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையை வகுத்த டாயிச்சி ஓனோ, 1978ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், இயந்திரம் ஒன்று நின்றுவிட்டால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்குமாறு கூறினார். நம் மாலை வகுப்பில் ஒரு சிறுவன் கணக்கில் தோல்வியுற்றான் எனக் கொள்வோம். ஏன்? வகுப்புக்கு ஒழுங்காக வரவில்லை. ஏன் வரவில்லை? மாலையில் ஒரு கடையில் வேலை செய்கிறான். ஏன் வேலைக்குப் போனான்? தந்தையின் கூலி நின்றுபோயிற்று. ஏன் நின்றது? கட்டட வேலையில் அவருக்குக் கால் முறிந்தது. உதவித்தொகை ஏன் கிடைக்கவில்லை? 1994ஆம் ஆண்டு முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருந்தும், அவர் அதில் பதிவு செய்யவில்லை. முதல் வினாவோடு நின்றிருந்தால் சிறுவனுக்கு அடி கிடைத்திருக்கும். ஐந்தாம் வினாவரை சென்றதால், தெருவிலுள்ள கட்டடத் தொழிலாளர் அனைவரையும் வாரியத்தில் பதிவு செய்விக்கும் பணி நமக்குப் புலப்படுகிறது.

ஐந்தாவது பாடமே நமக்கு முதன்மையானது. எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் 1950ஆம் ஆண்டில் ஜப்பானியத் தொழில் துறையினருக்குத் தரத்தைப் பற்றிப் போதித்தவர். மறு ஆண்டிலேயே ஜப்பானியர் அவர் பெயரால் பரிசொன்றை நிறுவினர். அவர் தம் வகுப்புகளில் ஒரு சோதனை நடத்துவதுண்டு. ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். தொழிலாளராக நடிக்கும் அறுவர், 50 குழிகள் கொண்ட தட்டையை அதனுள் விட்டு மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு மணி வந்தால் அது குற்றமுள்ள சரக்கு. ஒருவருக்கு 6 சிவப்பு மணிகள் வரும். மேலாளர் அவரைப் பாராட்டுவார். மற்றொருவருக்கு 14 வரும், அவரைக் கடிந்துகொள்வார். அடுத்த முறை அள்ளும்போது பாராட்டப்பட்டவருக்கே மிகுதியாக வந்துவிடக்கூடும். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணிகள் உள்ள பெட்டியிலிருந்து எவர் அள்ளினாலும் சராசரியாக ஏறத்தாழப் பத்து வரவே செய்யும். குற்றம் தொழிலாளியின் கையில் இல்லை, பெட்டியில் உள்ளது.

இளைஞர்களே, இச்சோதனையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நம் மக்களுக்குத் தகுதியில்லை, உழைப்பில்லை என்று பேசுவோர் தட்டையைப் பார்த்துப் பேசுகின்றனர். நிலமின்மை, தீண்டாமை, தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டமை ஆகிய சிவப்பு மணிகளைப் பெட்டியில் கலந்தவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. ‘நீ முயன்றால் எதுவும் முடியும், முடியாவிட்டால் குற்றம் உன்னுடையதே’ என்று உரைக்கும் நூல்களும் அவ்வாறே பேசுகின்றன. நாம் முறத்தால் புடைத்துத் தள்ள வேண்டிய பதர் இதுவே.

டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்வே இதற்குச் சான்று. கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் பொருளாதாரம் பயின்று 1917ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய அப்பெருமகன், பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் தொழிலைத் தொடங்கினார். அவருடைய சாதியை அறிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. அறிவில் குறையா? உழைப்பில் குறையா? எந்த வணிக நூல் அவருக்கு வழி காட்டியிருக்க முடியும்? ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மீண்டும் லண்டன் சென்று படித்தார். 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1927இல் மகாடு குளத்து நீருக்காக மக்களைத் திரட்டினார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். தம் கையில் இருந்த பணியை ஒரு நாளும் அவர் விட்டுவிடவில்லை. பெட்டியை மாற்றும் போராட்டத்தையும் விட்டுவிடவில்லை.

ஆகவே நம் வாழ்க்கைக் கணக்கையும் இரட்டைப் பதிவு முறையில் எழுதுவோம். ஒரு பக்கத்தில் நம் கையில் உள்ளவற்றை எழுதுவோம்: பொழுது, கணக்கு, ஒழுங்கு, கற்கும் ஆர்வம். இவற்றில் குறை நேர்ந்தால் நாமே திருத்திக்கொள்வோம். மறுபக்கத்தில் தனியொருவரால் மாற்ற இயலாதவற்றை எழுதுவோம்: மறுக்கப்படும் வேலை, மறுக்கப்படும் கடன், மறுக்கப்படும் மதிப்பு. இவற்றுக்காக நம்மை நாமே நொந்துகொள்ளாமல், கூடி நின்று போராடுவோம். முதற்பக்கத்தை மட்டும் எழுதுவோர் தம்மையே பழித்து மனமொடிவர். இரண்டாம் பக்கத்தை மட்டும் எழுதுவோர் கைகட்டி அமர்ந்துவிடுவர்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் இரு பக்கங்களையும் எழுதி வந்துள்ளது. மாலை வகுப்பு நடத்தியது முதற்பக்கம். உரிமை கேட்டு விண்ணப்பம் எழுதியது இரண்டாம் பக்கம். இனி அந்த ஏட்டை இளைஞர்களாகிய நீங்கள் கையேற்றல் வேண்டும். ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்து, இன்றிரவே முதல் வரியை எழுதுங்கள்.