சட்டக் கல்வியும் பிற துறை அறிவும்

 

சட்டம் பயில்வோர்க்குச் சட்ட நூல்களே போதும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இன்று அது பொருந்தாது. 1987-இல் நிறுவப்பெற்ற பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி, வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் ஆகியவற்றைச் சட்டத்தோடு இணைத்து ஐந்தாண்டுப் படிப்பாக்கியது. 1997-இல் தோன்றிய தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் வணிகவியலோடும் கணினிப் பயன்பாட்டோடும் இணைந்த சட்டப் படிப்புகள் உள்ளன.

இம்மாற்றத்தால் நமக்கு என்ன பயன்? மூன்று வழக்குகளை எண்ணிப் பாருங்கள். 1892-ஆம் ஆண்டு அரசாணையை ஒட்டி ஒடுக்கப்பட்டோர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்க வேண்டுமெனில், பழைய நிலப் பதிவேட்டையும் புல வரைபடத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். சிவகாசிப் பட்டாசு ஆலையிலோ இராசபாளையம் நூற்பாலையிலோ உறுப்பிழந்த தொழிலாளிக்குச் சட்டப்படி இழப்பீடு கேட்க, அவர் வயது, ஊதியம், இழந்த உழைப்புத் திறன் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட வேண்டும். மருத்துவர் சான்றின் பொருளும் புரிய வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்துவிட்டது. ஆயினும், காயச் சான்றிதழில் உள்ள முரண்பாட்டை உணராத வழக்கறிஞரால் அச்சட்டத்தைக் கொண்டு என்ன செய்ய இயலும்? 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்ற விசாரணைச் சட்டமும், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடம் சென்று சான்று திரட்ட விதி வகுத்துள்ளது.

சட்டம் நம் பக்கம் இருந்தும் சான்றைப் படிக்க அறியாமையால் நீதி நழுவுமாயின், அந்த இழப்பு ஏழையையே சேரும்.

இவ்வழியில் நமக்கு முன்னோடி அண்ணல் அம்பேத்கர். 1913-இல் கொலம்பியாவுக்குச் சென்று பொருளாதாரமும் சமூகவியலும் வரலாறும் பயின்றார், 1923-இல் இலண்டனில் பொருளாதார ஆய்வுக்கு உயர் பட்டம் பெற்றார், பாரிஸ்டரும் ஆனார். அப்பல்துறை அறிவே அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைமைப் பொறுப்பில் அவருக்குத் துணை நின்றது.

ஆகவே இளைஞர்களே, வேதியியலோ வணிகவியலோ பயின்றோம், இனிச் சட்டம் நமக்கு எதற்கு என்று ஒதுங்காதீர்கள். பட்டம் பெற்றோர்க்கு மூன்றாண்டுச் சட்டப் படிப்பு காத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர்க்கு ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. நீங்கள் கற்ற பாடம் எதுவாயினும், அது நாளை நீதிமன்றத்தில் நம் மக்களுக்குக் கைகொடுக்கும்.

வெள்ளி விழாக் காணும் இச்சங்கம், நம் பிள்ளைகளைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பும் பணியைத் தன் அடுத்த கடமையாக ஏற்க வேண்டும் என்று வேண்டுகின்றேன்.