கட்டுமரம் என்றொரு வசவு

இன்னைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். கேட்டமரான்.

இது தெரிஞ்ச சொல்தானேன்னு நினைப்பீங்க. ஆமா, நம்ம கட்டுமரம்தான். ஆனா பெரிய ஆங்கில அகராதிகளைப் புரட்டினால், வழக்கொழிந்துபோன இன்னொரு அர்த்தமும் இருக்கும்: சண்டைக்காரி, வாயாடிக் கிழவி.

நான் ராயபுரத்துல பிறந்து வளர்ந்தவன். எங்க ஆயா காசிமேட்டுல மீன் வித்தவங்க. அதனால இந்த அர்த்தத்தை முதல்ல பார்த்தப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு.

இந்தச் சொல் எப்படி ஆங்கிலத்துக்குப் போச்சுன்னு பார்ப்போம். 1697இல் வெளியான தன் பயணநூலில் வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்போ சென்னையில துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் வரும். அலை மூர்க்கமா இருந்து மசூலாவே போக முடியாத நாளிலும் கட்டுமரம் போகும். நம்ம ஆட்கள் கூம்புத் தொப்பிக்குள்ள கடிதத்தைச் செருகிக்கிட்டு, அலையில விழுந்து எழுந்து கப்பலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாங்க. வெள்ளைக்காரர்கள் வியந்து வியந்து எழுதிய காட்சி இது.

1804இல் பிரெஞ்சுப் படகுகளைத் தகர்க்க ஆங்கிலக் கடற்படை மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் இதே பெயர்தான். அடுத்து 1830களில், கடற்படைக் கேப்டனாக இருந்து நாவலாசிரியரான மாரியட், ‘பீட்டர் சிம்பிள்’ நாவலில் ஒரு கிழவியைத் திட்டும் வசவாக இதைப் பயன்படுத்துகிறார். ஏன் இந்த அர்த்தம் வந்துச்சு? சொல்லின் முன்பாதி ‘கேட்’, அதாவது பூனை மாதிரி ஒலிக்கிறதால இருக்கலாம்னு ஒரு ஊகம் உண்டு.

சத்தமாப் பேசுற பொம்பளைக்கு அவங்க வெச்ச இன்னொரு பேர் ‘ஃபிஷ்வைஃப்’, மீன்காரி. லண்டன் மீன் சந்தை இருந்த இடம் பில்லிங்ஸ்கேட். அந்த ஊர்ப் பேரே ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தைப் பேச்சுக்குப் பேராயிடுச்சு. நம்ம மட்டும் என்ன? “இது கிளாஸா, மீன் மார்க்கெட்டா?” இதைக் கேக்காம யாராவது பள்ளிக்கூடம் முடிச்சிருக்கோமா?

நானும் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அன்னைக்கு சாயங்காலம், “ஆயா, நீ இனிமே ஸ்கூல் வாசலுக்கு வராத”ன்னு சொன்னேன். “சரி நைனா”ன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் வரவே இல்ல.

ஆயாவுக்கு ஏன் சத்தம்னு பிற்பாடுதான் புரிஞ்சுது. விடியறதுக்கு முன்னாடி ஏலத்துல நூறு பேர் நடுவுல இவங்க விலை கேக்கணும். வாய் தணிஞ்சா சங்கரா வேற ஒருத்தர் கூடைக்குப் போயிடும். அப்புறம் அன்னக்கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு, மாடிவீட்டுக்கும் கேக்குற மாதிரி கூவணும். அந்தக் குரல்லதான் என் பீஸ் கட்டினாங்க.

கட்டுமரத்துல ஒரு விஷயம் இருக்கு. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகக் காயவைப்பார்கள். ஈரம் ஊறின மரம் சரியா மிதக்காது. மறுபடி கட்டித்தான் கடலுக்குப் போகணும். ஆயாவும் மத்தியானத்துல வீட்டுக்கு வந்து, காலை நீட்டி, ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருப்பாங்க. அந்த அமைதியை நான் மட்டும்தான் பார்த்திருக்கேன்.

இப்போ காசிமேட்டுல பெரும்பாலும் ஃபைபர் படகும் விசைப்படகும்தான். ஆயாவும் இல்ல. யாராவது அவங்களைக் கேட்டமரான்னு திட்டியிருந்தா, “ஆமாய்யா, கட்டுமரம்தான். முழுகாது”ன்னு சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

அடுத்த எபிசோடில் இன்னொரு சொல்லோடு சந்திப்போம்.