படிக்கட்டும் ஒரு கதவுதான்



இந்த உரையைக் கேட்டுக்கொண்டே, நீங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படி தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுவரில் வரிசையாக மின் மீட்டர் பெட்டிகள். அவற்றை ஒட்டி, டேங்கில் பெட்ரோலோடு நாலைந்து வண்டிகள். மூலையில் பழைய அட்டைப்பெட்டி, கட்டிவைத்த செய்தித்தாள், உடைந்த நாற்காலி. பல ஊர்களில், பல கட்டடங்களில் இதே காட்சிதான்.

மீட்டர் பெட்டியில் ஒரு பொறி கிளம்பினால் பற்றிக்கொள்ள எல்லாம் அங்கேயே தயாராக இருக்கிறது. புகை மேலே ஏறும். அப்போது படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடுகிறது. மாடியில் தூங்குகிறவர்கள் இறங்கி வருவதற்கு இருக்கும் ஒரே வழியும் அதுதான்.

கட்டட விதி என்றதும் பலருக்கு அலுவலகத்துக்கு அலைவதும் கையெழுத்துக்குக் காத்திருப்பதும்தான் நினைவுக்கு வரும். அந்த விதிகள் நம் உயிர்களைப் பற்றியவை என்பது மறந்துபோகிறது.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல்கூடத்தில் பிடித்த தீ, மேல்மாடியின் கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். தப்பித்து இறங்கப் போதிய வழி இல்லாத கட்டடம் அது. 2014 ஜூன் 28. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு மழை பெய்த மாலையில் சரிந்தது. 61 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் கட்டுமானத் தொழிலாளர்கள். பக்கத்திலேயே நின்ற இன்னொரு அடுக்குமாடியை, அதுவும் ஆபத்தானது என்று 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெளியேறும் வழி ஏன் வேண்டும், தூணின் கணக்கை ஏன் சரிபார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு நாள்களே பதில்.

தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். வீட்டைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், சாலையின் அகலத்துக்கு ஏற்ப எவ்வளவு உயரம் எழுப்பலாம் என்பதையெல்லாம் அவை சொல்கின்றன. 18.30 மீட்டருக்கு மேல் எழும் கட்டடம் உயர்மாடிக் கட்டடம். அதற்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும்.

பக்கத்தில் விடச் சொல்லும் அந்த இடத்தை, நாம் செட்பேக் என்கிறோமே, அதை வீணாய்க் கிடக்கும் இடம் என்று நினைத்துத் தகரம் போட்டு அறையாக்கிவிடுகிறோம். காற்றும் வெளிச்சமும் வருவது அந்த வழியாக. பக்கத்து வீட்டுத் தீ நம் வீட்டுக்குத் தாவாமல் தடுப்பதும், தீயணைப்பு வீரர் குழாயோடு உள்ளே நுழைவதும் அந்த இடத்தால்தான்.

வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தையும் பட்டாவையும் வக்கீலிடம் காட்டுகிறார்கள். அதோடு அனுமதி பெற்ற வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தில் மூன்று மாடி, நேரில் நான்கு மாடி என்றால், அந்த நாலாவது மாடியின் பாரத்துக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் திட்டமாக இருந்தால், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் தெரியவரும் குறையைக் கட்டியவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும்.

சரி, வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வது? "நம்ம வீடா, எதுக்கு வம்பு?" என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருப்பது, யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கட்டமைப்புப் பழுது, குழாய் மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கதவுப் பூட்டு போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. குடியிருப்பவர் கேள்வி கேட்டார் என்பதற்காக உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். ஆகவே ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பழுதைச் சொல்லும்போது படம் எடுத்து, எழுத்தில் சொல்லுங்கள்.

குடியிருப்பவருக்கும் கடமை உண்டு. உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் சுவரை உடைப்பதும், பழைய வயரில் ஏசி இணைப்பதும் எல்லோருக்கும் ஆபத்து.

எந்தப் பழுதை உடனே கவனிக்க வேண்டும்? முதலாவது, கூரையிலோ சன்ஷேடிலோ சிமென்ட் உதிர்ந்து கம்பி தெரிவது. கசியும் நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் உப்பி, மேலே இருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. மேலே பூசிவிட்டு வெள்ளையடித்தால் வியாதி உள்ளேயே வளரும். கசிவை அடைத்து, கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கூரைமேல் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வைப்பவர் ஒன்றை நினைவில் வைக்கட்டும்: ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன் பாரம்.

இரண்டாவது, மின்கசிவு. ஃபியூஸ் வயரைக் காக்கும், மனிதரைக் காக்காது. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்கிற சிறு கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்திவிடும். உங்கள் வீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, முதலில் சொன்ன அதே படிக்கட்டு. வண்டிகளை மீட்டர் பெட்டியிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு போட்டால், சாவி எங்கே என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்கட்டும். எல்லா ஜன்னலுக்கும் கிரில் அடித்த வீட்டில், ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி மாற்றுங்கள்.

சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்ற பேதம் தீக்குத் தெரியாது. இருவரும் ஏறி இறங்குவது ஒரே படியில்தான். இன்று மாலை ஒருமுறை அந்தப் படியில் இறங்கிப் பாருங்கள். வழியில் தட்டுப்படுகிற பொருளை நீங்களே முதலில் எடுத்து அப்புறப்படுத்துங்கள்.