பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் முன்



மாடு வாங்குகிறவர் என்ன செய்கிறார்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். கறந்து பார்க்கிறார். அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் விசாரிக்கிறார். பிறகுதான் மடியிலிருந்து பணத்தை எடுக்கிறார்.

ஆனால் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது பலரும் இப்படிச் செய்வதில்லை. பெயின்ட் பளபளப்பாக இருந்தால் போதும். பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மாட்டின் வயதைப் பல் சொல்லும். வண்டியின் வயதைத் தாள் சொல்லும். வண்டி யாருடையது, அதன் மேல் கடன் உண்டா, அதை அதிகாரி பார்த்தாரா என்பதும் தாளில்தான் இருக்கிறது.

ஒரு பால்காரரை எடுத்துக்கொள்வோம். சைக்கிளில் இரண்டு ஊருக்குப் பால் கொண்டுபோகிறார். சீட்டுப் பணம் 30 ஆயிரம் ரூபாய் கையில் வந்திருக்கிறது. ஒரு பழைய வண்டி விலைக்கு வருகிறது. "ஒரே கை ஓட்டிய வண்டி. ஒரு குறையும் கிடையாது" என்கிறார் விற்பவர்.

இந்தப் பேச்சு உண்மையா? பால்காரர் எப்படித் தெரிந்துகொள்வது?

எண் ஒத்துப்போகிறதா?

முதலில் அவர் ஆர்.சி.யைக் கேட்க வேண்டும். அதுதான் வண்டியின் பதிவுச் சான்று. முன்பு புத்தகமாக இருந்தது. இப்போது அட்டையாகவும் வருகிறது. ஜெராக்ஸ் காட்டினால் போதாது. அசல் வேண்டும்.

அதில் மூன்று எண்கள் இருக்கும். ஒன்று வண்டி எண். இன்னொன்று சேசிஸ் எண். மற்றொன்று என்ஜின் எண். சேசிஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குழாயில் பொறித்திருக்கும். என்ஜின் எண் என்ஜினின் உடம்பிலேயே இருக்கும்.

அழுக்கைத் துடைத்துவிட்டு ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க வேண்டும். எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே பதியும். ஆர்.சி.யோடு ஓர் எழுத்து ஒத்துப்போகாவிட்டாலும் வண்டியைத் தொட வேண்டாம். அந்த இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த தடம் இருந்தாலும் வேண்டாம். அது திருட்டு வண்டியாக இருக்கலாம். திருட்டு வண்டியைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போகும். கொடுத்த பணம் திரும்பி வராது.

அதிகாரி எப்போது பார்த்தார்?

அடுத்து ஆர்.சி.யில் தேதியைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் சொந்த உபயோக மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இப்படிச் சொல்கிறது. 2012 ஜூன் மாதம் பதிவான வண்டி என்றால் 2027 ஜூன் மாதம் வரை செல்லும்.

அதன் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். ஓடத் தகுதி உள்ளது என்று கண்டால்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். அது இன்னும் 5 ஆண்டுக்குச் செல்லும். இதற்குப் படிவம் 25.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்து போன்ற நாடுகளில் பழைய வண்டிகளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. இந்தியாவில் சொந்த மோட்டார் சைக்கிளுக்கு அப்படி இல்லை. 15 ஆண்டு முடியும் வரை பிரேக்கையும் சக்கரத்தையும் எந்த அதிகாரியும் கட்டாயமாகப் பார்ப்பதில்லை. ஆகவே "ஆர்.சி. நடப்பில் இருக்கிறது, வண்டி நன்றாக இருக்கும்" என்று நினைப்பது தவறு.

பதிவு முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டுவது குற்றம். "வாங்கிக்கொண்டு நீங்களே புதுப்பித்துக்கொள்ளுங்கள்" என்று விற்பவர் சொல்லலாம். அப்படிச் சொன்னால் பால்காரர் என்ன பதில் சொல்ல வேண்டும்? "நீங்கள் புதுப்பித்துக் கொடுங்கள். பிறகு விலை பேசலாம்." இதுதான் சரியான பதில். பரிசோதனையில் வண்டி தேறாவிட்டால் நஷ்டம் யாருக்கு என்று யோசித்தால் இது புரியும்.

புகைச் சான்று எதைச் சொல்லும்?

பதிவாகி ஓராண்டு ஆன வண்டிக்குப் புகைச் சான்று வேண்டும். பழைய வண்டிகளுக்கு அது 6 மாதம் செல்லும். பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஓராண்டு செல்லும்.

ஆனால் அது புகையை மட்டும்தான் அளந்து சொல்லும். பிரேக் பிடிக்கிறதா என்று சொல்லாது. அதை வண்டியின் நலச் சான்றாக நினைக்கக் கூடாது.

சர்வீஸ் பில்கள் இருந்தால் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அவற்றில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். 2 ஆண்டுக்கு முந்தைய பில்லில் 48 ஆயிரம் கிலோமீட்டர் என்று இருக்கிறது. இன்று மீட்டரில் 31 ஆயிரம் காட்டுகிறது. அப்படியானால் மீட்டரை மாற்றியிருக்கிறார்கள் அல்லது திருப்பியிருக்கிறார்கள்.

கடன், அபராதம், இன்சூரன்ஸ்

கடனில் வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கும். கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35 வேண்டும். அந்தப் பெயரை ஆர்.சி.யிலிருந்து நீக்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் அவர்கள் வண்டியைத் தேடி வருவார்கள்.

அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவான தேதி, முடியும் தேதி, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் தெரியும். பாக்கி அபராதத்தையும் கேட்டுப் பார்க்கலாம். செல்போனில் பார்க்கத் தெரியாதவர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்கலாம்.

வெளி மாநில வண்டி என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

கண்ணும் கையும்

தாள் சரியாக இருந்தால் வண்டியைப் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. அது பெரிய செலவு. செயின் பல்சக்கரத்தின் பல் கொக்கி போல வளைந்திருந்தால் அதை மாற்ற வேண்டும். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, டயரின் பள்ளம் தேய்ந்துவிட்டதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போனால் அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் இல்லை.

பெயர் மாற்றாமல் விடலாமா?

"படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எப்போது வேண்டுமானாலும் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்." இப்படிச் சொல்பவர்கள் உண்டு. இது இருவருக்கும் ஆபத்து.

ஒரு கார் பெயர் மாற்றாமலே பலர் கை மாறியது. அது 2009இல் விபத்தில் சிக்கியது. ஒரு குழந்தை இறந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018இல் தீர்ப்பு வந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியவரும் அவரே என்று நீதிமன்றம் சொன்னது. காரை எப்போதோ விற்றுவிட்டவர் தலையில் பாரம் விழுந்தது.

ஆகவே விற்பவருக்கும் கடமை உண்டு. அதே மாநிலம் என்றால் 14 நாளுக்குள் படிவம் 29இல் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாளுக்குள் படிவம் 30 கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் எழுத வேண்டும்.

முன்பணம் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும். அதில் வண்டி எண், தொகை, தேதி, இருவர் கையெழுத்து இருக்க வேண்டும். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. வெற்றுத் தாளில் போடவே கூடாது.

"என்ன, இவ்வளவு சந்தேகமா?" என்று விற்பவர் கோபித்துக்கொள்ளலாம். பால்காரர் தயங்க வேண்டாம். நல்ல வண்டி வைத்திருப்பவர் தாளைக் காட்ட அஞ்ச மாட்டார். காட்ட மறுத்தால் அதுவே பதில். ஊரில் வேறு வண்டிகளும் விலைக்கு வரும். சேர்த்த பணம் மறுபடி அவ்வளவு எளிதில் சேராது.

எண்ணைப் பாருங்கள். தேதியைப் பாருங்கள். பிறகு வண்டியைப் பாருங்கள். கடைசியில் பணத்தை எண்ணுங்கள்.