வானுக்கு முன் துருசு

மார்கழி மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்ததாம் என்று கேட்டதும் ஏ-9 வீதியில் வாகனங்கள் வரிசை கட்டும். பாயும் வெள்ளத்துக்கு முன்னால் ஒரு படம். பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள். அது குளம் பார்த்ததாகாது. குளம் கொள்ளாமல் விட்ட நீரைப் பார்த்தது, அவ்வளவுதான். வயலுக்குப் போகும் நீர் துருசு எனும் மதகால் போகிறது. வானுக்கு முன் துருசைப் பாருங்கள்.

வவுனியாப் பக்கம் பிறந்து வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய கட்டுவேலை 1920களின் தொடக்கத்தில்தான் முடிந்தது. போருக்குப் பின் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு புனரமைத்தபோது நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியானது. 2018 டிசம்பரில் திறந்துவைத்தார்கள். அதே மாதம் 21ஆம் திகதி இரவு பெருமழை கொட்டியது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தன.

இந்தக் குளத்துக்குச் சைக்கிள்தான் பொருத்தம். பழைய லுமாலா போதும். இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்பி, கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுக் குளக்கட்டில் ஏறினால், ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டியமட்டும் தண்ணீர். மறுபக்கம் தாழ்வில் மரங்களும் வயல்வெளியும். நீரைவிட வயல் எவ்வளவு பள்ளத்தில் கிடக்கிறது என்பதைக் கட்டில் நின்றால்தான் உணரலாம். வாகனக் கண்ணாடிக்குள் அது தெரியாது.

ஒரு சிறுபோகக் காலையில் இந்த உரையாளர் கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர், “தம்பி, இதைப் பாத்தாக் காணாது. கீழ இறங்கி வாங்கோ” என்று கூட்டிப்போனார். கட்டின் அடிவயிற்றிலிருந்து நீர் சத்தமின்றி வந்து, துருசு வாயில் ஒருமுறை சுழன்று, வாய்க்காலில் நேர்ப்பட்டது. பாசி படிந்த படியில் ஒரு கொக்கு அசையாமல் நின்றது. வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனால், கடைசியில் ஒரு வயலின் வக்கடை. முதியவர் மண்ணை இரண்டு வெட்டு வெட்டினார். நீர் உள்ளே போனது. அவ்வளவு பெரிய குளம் அந்த ஒரு சாண் இடைவெளிக்காகத்தான் என்று அன்று விளங்கியது.

வலதுகரை வாய்க்கால் வட்டக்கச்சிப் பக்கம் போகிறது. இடதுகரை வாய்க்கால் உருத்திரபுரம் பக்கம். துருசைப் பார்த்தபின் நீர்மட்ட அளவுகோலையும் பாருங்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவாவது அந்த அடிக்கணக்கை வைத்துத்தான். இந்தக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொடுப்பது பற்றி எழுந்த வாதமும் அந்த அடிக்கணக்கைத்தான் சுற்றியது.

வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் அழகான குளங்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் முதலில் இரணைமடுவையே பாருங்கள்.

தடத்தை விட்டுக் காட்டுக்குள் இறங்கவேண்டாம். பிளாஸ்டிக் போத்தலைக் கட்டில் வீசவேண்டாம். அடுத்த சிறுபோகத்தில் வாகனத்தைச் சந்தியில் விட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சைக்கிளில் போங்கள். முதலில் துருசுக்கு இறங்குங்கள். வான்கதவைத் திரும்பும்போது பார்க்கலாம்.