மகளுக்கொரு வீடு

கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் இல்லமொன்றில் பெண்மகவு பிறந்தால், அன்றே தந்தையின் உள்ளத்தில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் இடப்பட்டுவிடும். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எங்கணும் வழக்கு இதுவே. மணமகன் மணமகளின் இல்லத்துக்கு வருவான். வீடு அவளுக்குச் சீதனம்.

பெரும்போக அறுவடை முடிந்ததும் கொஞ்சம் கல் வந்திறங்கும். ஒரு பெருநாளுக்குச் சுவர் பூசப்படும். மறு பெருநாளுக்குத் தரைக்குச் சீமெந்து. கிடுகுக் கூரை ஓட்டுக் கூரையாவதற்குள் பெண் பருவமெய்திவிடுவதும் உண்டு! மூத்தவளுக்கு மணமானதும் பெற்றோர் வீட்டை அவளிடம் விட்டு, அதே வளவில் எழுப்பிய சிறு குடிலுக்கு ஒதுங்குவர். இளையவளுக்காக மறுபடியும் கல் சேர்ப்பர். தங்கையின் வீடு எழும்பும்வரை தன் மணத்தைத் தள்ளிவைக்கும் தமையன்மாரும் உளர். ஏழைக்கு இது பெருஞ்சுமையே.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையை விழுங்கியது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பல்லாண்டு உழைப்பில் எழுந்த சீதன வீடுகள் சில நிமிடங்களில் தரைமட்டமாயின. கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என்று அரசு முதலில் விதித்தது, பின்னர் தளர்த்தியது.

நிவாரண வீடுகள் வந்தபொழுது, குடும்பத் தலைவர் என்ற இடத்திற் பெரும்பாலும் கணவன் பெயரே எழுதப்பட்டது. அதனைச் சிறு எழுத்துப் பிழையென ஒதுக்குவதற்கில்லை. கணவன் பிரிந்தாலும் இறந்தாலும் பெண்ணை வெளியேற்ற எவராலும் இயலாதபடி காத்துநின்றது அவள் பெயரிலிருந்த உறுதியன்றோ? ஆயினும், கிடைத்த அச்சிறு வீட்டையும் மகளின் சீதனத்துக்கென மனத்துள் ஒதுக்கிவைத்த பெற்றோர் பலர்.