குடிநோயாளிக்குப் படுக்கை எங்கே?

(தென்காசியில் நடந்த இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாரல் காலத்தில் ஐந்தருவிக்கும் பழைய அருவிக்கும் வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள். அதில் குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களை ‘டூரிஸ்ட்’ என்கிறோம். சீசன் கடையில் நாளெல்லாம் தட்டு கழுவிவிட்டு ராத்திரி ஒரு குவார்ட்டர் போடும் காலனி அண்ணனைக் ‘குடிகாரப் பய’ என்கிறோம். இரண்டு பேர் வயிற்றுக்குள் போனதும் ஒரே சரக்குதான்.

நான் பீடி சுற்றுகிறவரின் மகள். இந்த மாவட்டத்தில் ஏராளமான வீடுகளில் அடுப்பு எரிவது பெண்கள் சுற்றும் பீடியால். அந்தப் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது மதுவிலக்கு எப்போது வரும் என்றல்ல. “யக்கா, இவர எங்க கூட்டிட்டுப் போவணும்?” என்றுதான் கேட்கிறார்கள்.

ஊரில் ஒரு வைத்தியம் சொல்வார்கள். ரெண்டு நாள் ரூமுக்குள்ள போட்டுப் பூட்டு, தெளிஞ்சிரும். தோழர்களே, இது ஆளைக் கொல்லும் வைத்தியம். பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியைச் சுவரில் காண்பார், பெற்ற பிள்ளையை யாரென்று கேட்பார். நம் ஆட்கள் பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குத் தூக்குவார்கள். வைத்தியம் இல்லாவிட்டால் உயிர் போகலாம். மருத்துவர் மேற்பார்வையில் சில நாள் மாத்திரை, வைட்டமின் பி1 ஊசி, ஒரு வாரமோ பத்து நாளோ படுக்கை. பெரும்பாலும் இவ்வளவில் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிடலாம்.

1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியல் செய்த மரபில் வந்தவர்கள் நாம். கடையை மூடு என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் 2020 ஊரடங்கில் ஒரே நாளில் கடைகள் மூடப்பட்டபோது என்ன நடந்தது? சவரக் கரைசலைக் குடித்தெல்லாம் நம் மாநிலத்தில் ஆட்கள் செத்தார்கள். ஆகவே கடையை மூடு என்று எழுதும் தட்டியிலேயே படுக்கையைத் திற என்றும் எழுதுங்கள்.

2019இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஆய்வு, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது என்றது. படுக்கை கிடைப்பது 180 பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவர் எந்தத் தெருக்காரராக இருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள், தலித்துகள். அரசு 10 லட்சம் அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்று கேட்டார்கள். அவர்கள் உயிரோடிருந்தபோது சிகிச்சைக்கு எங்கே போவார்கள் என்று இவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கேடுகளையும் நோய் என்கிறது. அதன் 18ஆம் பிரிவுப்படி வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அரசு மையங்களில் சிகிச்சை இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லாவிட்டாலும் இலவசம்தான். கஞ்சாவில் சிக்கிய பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பயன்படுத்தியதற்கோ சிறிதளவு வைத்திருந்ததற்கோ வழக்கானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெறலாம். காலனிப் பையனுக்கு இதை எந்த ஸ்டேஷனில் எடுத்துச் சொல்கிறார்கள்?

2025இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 மீட்பு மையங்களைத் திறந்தது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே ‘விமுக்தி’ திட்டத்தில் 14 மாவட்டத்திலும் மையம் வைத்திருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒன்றுகூடப் போதாது என்பேன். வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பத்து நாள் இருப்பதென்றால் அவருக்குக் கூலி போச்சு. உடனிருக்கும் மனைவிக்குப் பீடிக் கூலியும் போச்சு. இந்தக் கணக்குப் போட்டுத்தான் தெருமுனை மந்திரவாதியிடமோ, கட்டிவைத்து அடிக்கும் தனியார் ‘மறுவாழ்வு’ இல்லத்திடமோ போய் நிற்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் நாலு படுக்கை கேட்போம். உடனிருப்பவருக்கு உணவும், இழந்த கூலிக்கு ஒரு படியும் கேட்போம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. சிகிச்சை முடிந்து திரும்பியவரையும் அதே ஊழியர் மாதம் ஒருமுறை பார்த்து, மாத்திரை கொடுத்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வரட்டும். மறுபடி குடித்துவிட்டால் திட்டாமல் திரும்ப அழைத்துப் போகட்டும். சர்க்கரை கூடிப்போனவரை யாரும் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத் திட்டுவதில்லையே.

14446 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போதை மீட்புக்கான கட்டணமில்லா உதவி எண். கூட்டம் முடிந்ததும் தீர்மான வரைவைத் தருகிறேன். ஊராட்சிகளில் இருந்து வந்திருப்பவர்கள் ஆளுக்கொன்று வாங்கிப் போய், அடுத்த கிராமசபையில் வாசித்து, பதிவேட்டில் ஏற்றிவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.